மது நஞ்சேற்றம்: உடன் இருப்பவர்களுக்கான கேள்விகளும் பதில்களும்

இந்தக் கேள்வி பதில்கள் குடிப்பவரைவிட அவருடன் இருப்பவருக்காகவே அதிகம் எழுதப்பட்டவை. மதுவால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தை அடைந்தவர் தம் நிலையைத் தாமே உணர மாட்டார். தொலைபேசியை எடுக்கும் முடிவு அறைத்தோழரிடமோ, மனைவியிடமோ, விருந்துக்கு அழைத்த நண்பரிடமோதான் இருக்கும். இந்த நிமிடத்தில் ஒருவர் எழுப்பியும் எழாமல் கிடக்கிறார் என்றால், மேற்கொண்டு படிக்காமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழையுங்கள்.

மது நஞ்சேற்றம் என்பது என்ன? அது வெறும் அதிகப் போதைதானே?

பீர், விஸ்கி, பிராந்தி, கள் என எந்தப் பெயரில் குடித்தாலும் உடலில் வேலை செய்வது எத்தனால் என்னும் ஒரே பொருள்தான். அது மூளையின் செயல்பாட்டைப் படிப்படியாக மந்தப்படுத்துகிறது. முதலில் கூச்சமும் நிதானமும் குறைகின்றன, பிறகு பேச்சும் நடையும் தடுமாறுகின்றன. இரத்தத்தில் அதன் அளவு மேலும் ஏறினால், நாம் நினைக்காமலேயே நடந்துகொண்டிருக்கும் மூச்சு, உடல் வெப்பம், தொண்டையில் ஏதேனும் அடைத்தால் இருமித் தள்ளும் அனிச்சை ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளும் அடங்கத் தொடங்குகின்றன. இந்தக் கடைசிக் கட்டமே நஞ்சேற்றம். சத்தம் போடுபவரையும் சண்டைக்கு வருபவரையும் எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் மூலையில் சாய்ந்துவிட்டவரே பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பவர்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். சிங்கப்பூரில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. அதே அளவு இரத்தத்தில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை போனால் பலருக்கு நினைவு தப்பும், மூச்சு நிற்கும் அபாயம் உண்டாகும். பழக்கமில்லாதவருக்கும், உடல் எடை குறைந்தவருக்கும், வேறு மருந்து உட்கொண்டவருக்கும் அதற்கு முன்பே ஆபத்து வந்துவிடலாம்.

குடிப்பதை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். இனி என்ன ஆபத்து?

"தூங்கட்டும் விடுங்கள், விடிந்தால் தெளிந்துவிடும்" என்ற சொல் எவ்வளவு கனிவானதாகத் தோன்றினாலும், மது நஞ்சேற்றத்தில் அதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை.

முதல் காரணம், கடைசி மிடறோடு மதுவின் ஏற்றம் நின்றுவிடுவதில்லை. வயிற்றில் தேங்கியிருக்கும் மது சிறுகுடலுக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்க நேரம் எடுக்கும். குடித்து முடித்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைகூட இரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகலாம். கடைசியாக இரண்டு மூன்று கோப்பைகளை வேகமாகக் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டே படுத்தவர், நீங்கள் விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பேச முடியாத நிலைக்குப் போயிருக்கலாம்.

இரண்டாவது, வாந்தி. வயிற்றை உறுத்தும் மது வாந்தியைத் தூண்டும். அதே மது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும் அனிச்சையை அணைத்தும் விடும். மல்லாந்து படுத்திருப்பவர் தம் வாந்தியாலேயே மூச்சடைத்து இறப்பது இப்படித்தான்.

மூன்றாவது குறட்டை. குறட்டை விடுகிறார், ஆகவே நன்றாகத்தான் தூங்குகிறார் என்று பலரும் ஆறுதல் கொள்கிறார்கள். தளர்ந்துபோன நாக்கும் தொண்டைத் தசையும் மூச்சுப் பாதையைப் பாதி அடைப்பதால் எழும் சத்தமாக அது இருக்கலாம். கரகரவென்று, நீர் கொப்பளிப்பதுபோல் குறட்டை கேட்டால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, கல்லீரல் மதுவைக் கரைப்பதில் மும்முரமாக இருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையில் பின்தங்கிவிடுகிறது. சாப்பிடாமல் குடித்தவருக்கு விடியற்காலையில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி, வலிப்பு வரலாம்.

தூங்குகிறாரா, நஞ்சேறியிருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். தோளைப் பிடித்து உலுக்குங்கள். தோள்தசையை அழுத்திக் கிள்ளுங்கள். உறங்குபவர் எரிச்சலோடாவது கண் திறந்து ஒரு சொல் சொல்வார். அப்படி எழாதவரும், ஒரு முனகலோடு மறுபடி மூழ்கிவிடுபவரும் உறங்கவில்லை, நினைவிழந்திருக்கிறார்கள்.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து மார்பு எத்தனை முறை உயர்கிறது என்று பார்க்கவேண்டும்: எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுகளுக்கு இடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தாலோ அது அவசரம். வலிப்பு, நிற்காத வாந்தி, தொட்டால் சில்லிட்ட ஈரமான தோல், பேசுவது எதுவுமே புரியாத குழப்பம் ஆகியவையும் அப்படியே. ஆங்கிலக் கையேடுகள் பலவும் தோல் நீலம் பாய்வதைப் பார்க்கச் சொல்லும். நம்மில் பலரின் நிறத்தில் அது தோலில் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, ஈறு, நகக்கண் ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். அவை வெளுத்தோ சாம்பல் நீலமாகவோ இருந்தால் தாமதிக்கக் கூடாது.

எல்லா அறிகுறிகளும் ஒன்றுசேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுப்ப முடியவில்லை என்ற ஒன்றே 995ஐ அழைக்கப் போதும்.

995ஐ அழைத்து என்ன சொல்ல வேண்டும்? ஆங்கிலம் சரளமாக வராதே.

முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: புளோக் எண், தெருப் பெயர், மாடி, வீட்டு எண், விடுதியாக இருந்தால் விடுதியின் பெயரும் அறை எண்ணும். அடுத்து, "ட்ரிங்க் டூ மச், நாட் வேக்கிங் அப்" என்ற அளவு ஆங்கிலமே போதும். மூச்சு சரியில்லை என்றால் "நாட் பிரீதிங் ப்ராப்பர்லி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இணைப்பைத் துண்டிக்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் அழைப்பு நிலையத்தில் இருப்பவர், தேவைப்பட்டால் மார்பை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொலைபேசியிலேயே படிப்படியாகச் சொல்லித் தருவார். இன்னொருவரை மின்தூக்கி அருகிலோ விடுதி வாசலிலோ நிறுத்தினால் மருத்துவ உதவியாளர்கள் தேடித் திரிய வேண்டியிருக்காது.

வாகனம் வரும் வரை என்ன செய்வது?

அவரைத் தனியே விடாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்: மேல்பக்கக் காலின் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, மேல்பக்கக் கையைக் கன்னத்தின் கீழ் கொடுத்து, வாய் தரையை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி தலையைப் பின்னால் தள்ளி வைக்கவேண்டும். அப்போது வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் கிடந்தால், ஆட்கள் போதுமான அளவு இருந்தால் மட்டும் பத்திரமாகக் கீழே இறக்குங்கள். ஈர உடையை மாற்றிப் போர்வை போர்த்துங்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை வெளியேற்றுவதால், நம் வெப்பமான ஊரிலும் குளிரூட்டிய அறையில் வெறும் தரையில் கிடப்பவருக்கு உடல் சில்லிடலாம்.

மூச்சு நின்றுவிட்டாலோ, எப்போதாவது ஒருமுறை திணறி இழுத்தாலோ, மல்லாத்திப் போட்டு மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை அழுத்தத் தொடங்குங்கள். பல வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு அருகே இதயத்துடிப்பை மீட்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. யாரையாவது ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லலாம்.

மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காப்பி, குளிர்ந்த நீர்க் குளியல் ஆகியவற்றில் எது போதையை இறக்கும்?

எதுவுமில்லை. கல்லீரல் தன் வேகத்தில்தான் மதுவைச் சிதைக்கும். மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரை. இரத்த அளவாகச் சொன்னால், 100 மில்லிலிட்டருக்கு மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இறங்கும். ஆகவே 300 மில்லிகிராம் அளவில் இருப்பவர் வாகனம் ஓட்டும் வரம்பான 80க்கு வரவே 11 மணி நேரத்திற்கு மேல் ஆகும். காப்பி குடித்தவர் விழித்திருக்கும் குடிகாரர் ஆவாரே தவிர, அவர் இரத்தத்தில் இருக்கும் மது ஒரு துளியும் குறையாது.

வீட்டு வைத்தியங்கள் பயனற்றவை மட்டுமல்ல, அவற்றுள் சில கொல்லக்கூடியவை. அரை நினைவில் இருப்பவரின் வாயில் மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம். உப்புக் கரைத்த நீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது மிகவும் கேடானது, ஏனெனில் இரத்தத்தில் உப்பின் அளவு திடீரென ஏறி மூளையைத் தாக்கும். குளிர்ந்த நீரைக் குடம் குடமாக ஊற்றினால், ஏற்கெனவே குறைந்துவரும் உடல் வெப்பம் மேலும் இறங்கும்; வழுக்கி விழுந்து தலையிலும் அடிபடும்.

போலீஸ் வருமா? செலவு யார் தலையில் விழும்? வேலைக்கு ஆபத்தா?

உதவியை அழைக்கத் தயங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்று அச்சங்களே இருக்கின்றன. மருத்துவ உதவி வாகனத்தில் வருபவர்களின் வேலை சிகிச்சை. பொது இடத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குக் குடித்திருப்பது இங்கே குற்றம் என்பது உண்மைதான். அடிதடியோ காயமோ நேர்ந்திருந்தால் காவல்துறையும் வரக்கூடும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து ஒருவரைக் கட்டிலில் மறைத்து வைத்து, காலையில் அதே காவல்துறைக்கு மரணத்தைப் பற்றி விளக்கம் சொல்லும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உண்மையான அவசரத்துக்கு வரும் 995 வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. அவசரமல்ல என்று மருத்துவமனை முடிவு செய்யும் அழைப்புகளுக்கே கட்டணம் விதிக்கப்படுகிறது. எழுப்ப முடியாத ஒருவர் எந்த அளவுகோலிலும் அவசர நோயாளிதான். வேலை அனுமதியில் இருப்பவரின் மருத்துவச் சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்று. முதலாளியோ மேற்பார்வையாளரோ கோபப்பட மாட்டார் என்று எவராலும் உறுதி கூற முடியாது. என்றாலும் அவரிடம் முன்அனுமதி கேட்டுவிட்டுத்தான் 995ஐ அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அழைத்த பிறகு தகவல் சொன்னால் போதும்.

எவ்வளவு குடித்தால் அளவு மீறியதாகும்?

சிங்கப்பூரில் ஓர் அளவு மது என்பது 10 கிராம் தூய மதுவைக் குறிக்கும். 5 விழுக்காட்டுப் பீர் என்றால் ஏறத்தாழ 220 மில்லிலிட்டர், அதாவது சாதாரண டின்னில் மூன்றில் இரண்டு பங்கு. வைன் 100 மில்லிலிட்டர். விஸ்கி, பிராந்தி போன்றவை 30 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு ஆண்கள் இரண்டு அளவுக்கும் பெண்கள் ஓர் அளவுக்கும் மேல் போக வேண்டாம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. ஒரே அமர்வில் ஆண் ஐந்து, பெண் நான்கு அளவுகளைத் தொட்டாலே மிதமிஞ்சிய குடியாகக் கருதப்படுகிறது.

கணக்கு தவறுவது டின்னின் மேல் அச்சிட்டிருக்கும் விழுக்காட்டைப் படிக்காததால்தான். 8 விழுக்காடு கொண்ட கடும் பீர் 500 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 31 கிராமுக்கு மேல் மது இருக்கிறது. "வெறும் மூணு பீர்தான்" என்பவர் ஒன்பது அளவுக்கு மேல் குடித்திருக்கிறார். ஊரில் குவார்ட்டர் என்று சொல்லும் 180 மில்லிலிட்டர் விஸ்கியில் ஏறத்தாழ 57 கிராம். கல்லீரல் அதைக் கரைக்கவே ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண், 750 மில்லிலிட்டர் விஸ்கிப் போத்தலில் பாதியைப் பந்தயம் கட்டி ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்தால், அவர் இரத்தத்தில் மதுவின் அளவு 250 மில்லிகிராமை ஒட்டிப் போய்விடும். மீதிப் பாதியையும் அவரே குடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அவர் பழகியவர், எவ்வளவு குடித்தாலும் தாங்குவாரே?

தள்ளாடாமல் நடப்பதற்கு மூளை பழகிக்கொள்கிறது. மூச்சு அடங்கிப்போகும் எல்லை அதே அளவுக்கு உயர்வதில்லை. எனவே பழகியவர் ஆபத்தின் விளிம்பு வரை சாதாரணமாகத் தெரிவார். சில மாதங்கள் விட்டிருந்து மறுபடி பழைய அளவில் தொடங்குபவருக்கு அந்தத் தாங்கும் திறனும் குறைந்திருக்கும்.

நீரிழிவு மாத்திரை, தூக்க மாத்திரை, பனடோல் எடுப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போடுபவரும், கிளிப்பிசைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் சாப்பிடாமல் குடித்தால் இரத்தச் சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூடத் திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம் எல்லாம் போதையைப் போலவே இருக்கும். மது வாடையும் சேர்ந்தால் எவரும் சர்க்கரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் உடனே சோதியுங்கள், 995ஐ அழைக்கும்போது நீரிழிவு உண்டு என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர் மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அபாயமும் உண்டு.

தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, கடும் வலிநிவாரணி, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து ஆகியவை மூச்சை மந்தப்படுத்துவதில் மதுவோடு கைகோத்துக்கொள்ளும். தலைவலிக்குப் பனடோலை அளவு மீறி விழுங்குவது கல்லீரலைத் தாக்கும், தொடர்ந்து குடிப்பவருக்கு இன்னும் எளிதாக.

கள்ளச்சாராயச் சாவுகளும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே கொல்வது மெத்தனால் என்னும் வேறொரு பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும், 2018 செப்டம்பரில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிநாட்டு ஊழியர்கள் உட்படப் பலர் மாண்டதும், 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் ஆறு சுற்றுப்பயணிகள் உயிரிழந்ததும் அதனால்தான். உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதற்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் தெளிந்து எழுந்து, 12 முதல் 24 மணி நேரம் கழித்துக் கண் மங்கல், வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு என்று துன்பப்படத் தொடங்குவார். மறுநாள் பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் குடித்த மறுநாள் தலைபாரம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முறிமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் நேரத்தோடு கிடைத்தால் பார்வையையும் உயிரையும் காக்கலாம்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும் முத்திரை உடையாத போத்தலில் இந்த ஆபத்து மிகக் குறைவு. விலையே ஒரு தடயம்: சிங்கப்பூரில் விஸ்கி போன்ற கடும் மதுவுக்குத் தூய மது லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 40 விழுக்காட்டு 750 மில்லிலிட்டர் போத்தலுக்குத் தீர்வை மட்டுமே 26 வெள்ளி 40 காசு ஆகிறது. அதைவிட மலிவாக ஒருவர் கைமாற்றாக விற்கும் முழுப் போத்தல் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு, மிகச் சிறிய அளவு மது உள்ளே போனாலே போதும். கைச் சுத்திகரிப்பான்களில் பொதுவாக 60 விழுக்காட்டுக்கு மேல் மது இருக்கிறது. வாசனைத் திரவியத்திலும் சில வாய்க் கொப்பளிப்பு நீரிலும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கி வலிப்பு வருவது விரைவில் நிகழும். விருந்து முடிந்த இரவில் மேசை மீது மீந்த கோப்பைகளை அப்போதே கழுவிவிடுங்கள். காலையில் முதலில் எழுவது குழந்தைகள்தான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

மதுவை உடனே முறிக்கும் மருந்து கிடையாது. மூச்சுப் பாதையைக் காத்து, தேவையானால் செயற்கைச் சுவாசம் கொடுத்து, சர்க்கரையையும் திரவத்தையும் வைட்டமின் பி1ஐயும் ஏற்றி, கல்லீரல் தன் வேலையை முடிக்கும் வரை கண்காணிப்பார்கள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கீழே விழுந்ததை நீங்கள் கண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

விருந்திலோ விடுதியிலோ இதை எப்படித் தடுக்கலாம்?

ஆபத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது குடிக்கும் வேகம். 2015 ஏப்ரல் முதல், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை கடைகள் எடுத்துச்செல்ல மது விற்கவும் பொது இடங்களில் மது அருந்தவும் தடை உள்ளது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதிகளில் பொது இடக் குடிக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சட்டம் தேவையானதுதான். ஆனால் மணி பத்தேகால் ஆனதும், மீந்ததை வீணாக்க வேண்டாம் என்று அவசரமாக வாயில் கவிழ்த்துக்கொள்ளும் பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டது. மீந்ததைக் கொட்டிவிடுவது நல்லது.

குடிப்பதற்கு முன்பே சோறும் குழம்புமாகச் சாப்பிட்டுவிடுவது, வெயிலில் வேலை முடித்து வந்தவர் முதலில் தண்ணீரால் தாகம் தீர்த்துக்கொள்வது, பந்தயக் குடியை மறுப்பது ஆகியவை உதவும். ஆற்றல் பானத்தோடு கலந்து குடித்தால் போதை தெரியாமல் அளவு ஏறும். கூட்டத்தில் ஒருவராவது குடிக்காமல் இருப்பதும், எல்லாரும் படுத்த பிறகு ஒருமுறை சுற்றிவந்து ஒவ்வொருவரையும் எழுப்பிப் பார்ப்பதும் நான் மிகவும் வலியுறுத்தும் வழக்கம்.

இப்படி ஒருமுறை நடந்துவிட்டது. நாளையிலிருந்தே அவரை ஒரு சொட்டும் தொடவிடாமல் நிறுத்தலாமா?

எப்போதாவது குடிப்பவர் தாராளமாக நிறுத்தலாம். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் கடும் காய்ச்சலோடு கூடிய சித்தக் குழப்பமும் வரலாம்; அதுவும் உயிரைப் பறிக்கக்கூடியது. அவர் பலதுறை மருந்தகத்திலோ, மனநலக் கழகத்தில் இயங்கும் போதைப் பழக்கச் சிகிச்சைச் சேவையிலோ மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அச்சேவையின் உதவித் தொலைபேசி எண் 6732 6837. குடித்தது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில்தான் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் அதை மருத்துவமனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய பின் மனச்சுமையைப் பேச 1767 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.